எட்டு மணிக்கு மேல் யாரைக் கேட்பாள்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் பேராசிரியர் அவர்களே, என் அணித் தோழர்களே, வேலை முடித்த கையோடு கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் இந்த வண்ணாரப்பேட்டை மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, என் மாணவிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘கல்வியில் செயற்கை நுண்ணறிவு ஆண் பெண் சமத்துவத்தை வளர்க்குமா, குலைக்குமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. வளர்க்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன். நான் இந்தப் பகுதியில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தொழில்நுட்பம் படித்தவள் இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறவள்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். இந்த இயந்திரங்களே பெண்ணை மட்டமாக நினைக்கின்றன என்றார். வீட்டில் இருக்கும் ஒரே போன் அண்ணன் கையில் இருக்கிறது என்றார். பெண் பிள்ளைகளின் படத்தை வைத்துப் போலிப் படம் செய்கிறார்கள் என்றார். மூன்றுமே உண்மை. மூன்றுக்கும் பதில் சொல்வேன். ஆனால் அவர் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு எம்.சி. ரோடு பக்கம், தண்டையார்பேட்டை பக்கம் டியூஷன் வாசல்களைப் பாருங்கள் ஐயா. வரிசையாகச் சைக்கிள் நிற்கும். பையன்கள் ஒன்பது மணி வரை படித்துவிட்டு, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். என் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்? ஃபீஸ் கட்ட ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது தம்பிக்குப் போகிறது. காசு இருந்தாலும், இருட்டினபிறகு பொம்பளப் பிள்ளை எங்கே போவது என்று அம்மா தடுக்கிறார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை, தெருவிளக்கு எரியாத சந்து எது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் மகள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்கிறாள், சோறு வடிக்கிறாள், சின்னதைத் தூங்க வைக்கிறாள். எல்லாம் முடித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி எட்டுக்கு மேல் ஆகியிருக்கும். அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பாள்?

நடுவர் ஐயா, என் முழு வாதமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நம் பெண்களிடம் இல்லாதது மூளை இல்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இந்தத் தெருக்களில் திறமை கொட்டிக் கிடக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள், தன் நேரத்துக்கு, தன் மொழியில் கிடைப்பதில்லை. அதுதான் குறை.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிளஸ் ஒன் மாணவி. அம்மா விடிவதற்குள் காசிமேட்டு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையில் வைத்து விற்கிறவர். காலைச் சமையல் இவள் பொறுப்பு. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். புரிந்ததா என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஒரு நாள் ஏ.ஐ. மென்பொருளைத் திறந்து கொடுத்து, உனக்கு எது புரியவில்லையோ அதைக் கேள் என்று சொல்லிவிட்டு நான் தள்ளிப் போய்விட்டேன். அவள் தட்டியது என்ன தெரியுமா? ‘டெரிவேட்டிவ்னா இன்னா?’ பதில் வந்தது. ‘புரியல, இன்னொரு தபா சொல்லு.’ மறுபடி வந்தது, இந்த முறை ஓடுகிற ரயிலின் வேகத்தை வைத்து. ‘இன்னும் ஈஸியா சொல்லு.’ மறுபடியும் சொன்னது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்தப் பெண் பிள்ளை ஒரே விஷயத்தை மூன்று தபா கேட்பாள்? பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாளோ, டீச்சர் சலித்துக்கொள்வாரோ என்ற பயம் எங்கே போகும்? சின்ன வயதிலிருந்தே ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ கேள்வி’ என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

அடுத்த வாரம் அவள் என் மேசைக்கு வந்தாள். ‘மிஸ், அது போட்ட கணக்குல மூணாவது வரி தப்பு’ என்றாள். பார்த்தேன். தப்புத்தான், மைனஸ் குறியை விட்டிருந்தது. எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும், பார்த்தீர்களா இயந்திரம் தவறு செய்கிறது என்று. செய்கிறது ஐயா, அதனால்தான் பக்கத்தில் டீச்சர் வேண்டும் என்கிறேன். ஆனால் வாயே திறக்காத பிள்ளை, தவறைக் கண்டுபிடித்தேன் என்று நேரே வந்து சொன்னாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அன்றிலிருந்து அவள் என்னையும் கேள்வி கேட்கிறாள்.

சரி, இப்போது குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். அமேசான் நிறுவனத்தின் கதையை எதிரணித் தலைவர் உருக்கமாகச் சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்க ஒரு மென்பொருள் செய்தார்கள். பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் ‘பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி’ என்று ஒரு விண்ணப்பத்தில் இருந்தால் அது மதிப்பைக் குறைத்தது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. யுனெஸ்கோ 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வையும் நானே சேர்த்துத் தருகிறேன். மொழி மாதிரிகளை, அதாவது கேட்டால் எழுதித் தரும் ஏ.ஐ. மென்பொருள்களை, கதை எழுதச் சொன்னால், அவற்றில் ஒன்று ஆண்களைவிட நான்கு மடங்கு அதிகமாகப் பெண்களை வீட்டு வேலையில் வைத்தது. சம்பளம், தொழில், பதவி எல்லாம் ஆண் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

ஆனால் இந்தப் பாகுபாட்டை இயந்திரம் எங்கிருந்து கற்றது? நம்மிடமிருந்துதானே! அந்தப் பத்தாண்டு விண்ணப்பங்களில் யாருக்கு வேலை கிடைத்தது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. நேர்காணலில் ‘கல்யாணம் ஆனா வேலைய விட்ருவியாம்மா’ என்று கேட்கும் அதிகாரியின் மனதைத் திறந்து, இவர் பெண்களுக்கு எத்தனை மதிப்பெண் குறைத்தார் என்று யாராவது அளந்தது உண்டா? இயந்திரத்தை அளக்க முடிந்தது. அளந்ததால் அமேசான் அதைக் கைவிட்டது.

அளந்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018-இல் சோதித்தவர்கள் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள். வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை போனது. அதற்கு முன்பு, ஜாய் மாணவியாக இருந்தபோது, ஒரு கணினிக்குத் தன் முகமே தெரியாமல் வெள்ளை முகமூடி போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு கணினியை விட்டு விலகிப் போகவில்லை. உள்ளே இருந்தே எண்களால் நிரூபித்தார். அந்த மென்பொருள்களைச் செய்த நிறுவனங்கள் அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. எதிரணி சொல்வதைக் கேட்டு என் மாணவிகளைக் கணினி அறைக்கு வெளியே நிறுத்தினால், நாளைக்குத் தமிழ்ப் பெண்ணின் முகத்தையும் குரலையும் சரியாகக் கண்டுகொள்ள இயந்திரத்துக்கு யார் கற்றுக்கொடுப்பது? நம் கிண்டி ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் என்ற குழு தமிழ் உட்பட இந்திய மொழிகளில் சாதாரண மக்களின் பேச்சைச் சேகரித்து இயந்திரத்துக்குப் பழக்குகிறது. அதில் மீன் விற்கும் அம்மாவின் தமிழும் ஏற வேண்டும். அந்த வேலையை அவர் மகள் செய்ய வேண்டும்.

இரண்டாவது, போன். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21. இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய ஆண்கள் இந்தியாவில் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். இந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. எதிரணி இதை வைத்து, ஏ.ஐ. வந்தால் இடைவெளி இன்னும் கூடும் என்கிறது. வீட்டை நம்பி விட்டால் கூடத்தான் கூடும், மறுக்கவில்லை. அதனால் வீட்டை நம்ப வேண்டாம், பள்ளி கொடுக்கட்டும் என்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது நினைவிருக்கிறதா? அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். அதற்கு முன்பும் அந்த ஊர்களில் சைக்கிள் இருந்தது, ஆண்களிடம். சைக்கிள் ஆணின் வண்டி, அது ஏற்றத்தாழ்வைக் கூட்டும் என்று சொல்லி யாரும் சைக்கிளை ஒழிக்கவில்லை. பெண்களை அதில் ஏற்றினார்கள். கேலி பேசினார்கள், பாட்டுக் கட்டினார்கள், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் அதையெல்லாம் காதில் வாங்காமல் பெடலை மிதித்தார்கள். வீட்டில் அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்தால் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாரதி மகளிர் கல்லூரி. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் அங்கேதான் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால், மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே போகிறது. அப்பா கைக்குப் போவதில்லை. அந்த ‘அவள் கணக்குக்கே’ என்ற ஏற்பாட்டைத்தான் நான் ஏ.ஐ.க்கும் கேட்கிறேன். பள்ளி மூலமாக அவள் பெயரில் ஒரு கணக்கு. பள்ளிக் கணினி அறை ஆறரை வரைக்கும் திறந்திருக்க வேண்டும், பெண் காவலரோ ஆயாவோ இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு கருவி, அவள் பொறுப்பில். எட்டு மணிக்கு மேல் அந்தக் கருவி அவள் மடியில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் பள்ளிகளின் வருகைப் பதிவெல்லாம் எமிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் ஏறுகிறது. ஒரு பெண் பிள்ளை திங்கட்கிழமை தோறும் வரவில்லை, பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டாள் என்றால், நின்ற பிறகுதான் நாங்கள் வீடு தேடிப் போகிறோம். போனால் நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது. பக்கத்து ஆந்திரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி விவரங்களை வைத்து, யார் படிப்பை நிறுத்திவிடக் கூடும் என்று கணிக்கும் முயற்சியைச் செய்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே ஓர் எச்சரிக்கை என் மேசைக்கு வந்தால், நான் அந்த வீட்டுக் கதவை நேரத்தோடு தட்டுவேன். கதவைத் தட்டப் போவது மனிதர்தான். எந்தக் கதவு என்று சொல்ல இயந்திரம் உதவட்டுமே.

கடைசிக் குற்றச்சாட்டு, போலிப் படம். இதில் நான் எதிரணியோடு வாதாடவே விரும்பவில்லை. ஒரு பிள்ளையின் முகத்தை வெட்டி ஒட்டி ஆபாசப் படம் செய்கிறவன் குற்றவாளி. ஆனால் அதற்குத் தீர்வாக நாம் என்ன செய்கிறோம்? பெண்ணின் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறோம், படிப்பை நிறுத்துகிறோம். படம் செய்த பையன் டியூஷனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான்! குற்றம் அவனுடையது, தண்டனை இவளுக்கா? தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்? குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் எத்தனை வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்கின்றன? 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதையெல்லாம் எங்கே கற்பிப்பது? ஏ.ஐ.யைக் கற்பிக்கும் அதே வகுப்பில்தான். எப்படிப் போலி செய்கிறார்கள் என்று தெரிந்த பெண், ‘இது நானில்லை’ என்று அழுதுகொண்டு நிற்க மாட்டாள், புகார் எழுதுவாள். அந்த வகுப்பில் பையன்களும் உட்கார வேண்டும், முதல் வரிசையில்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன் ஐயா. எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தந்தால் அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துத் தாருங்கள். எந்த நிறுவனத்திடமிருந்து எந்த மென்பொருளைப் பள்ளிக்கு வாங்கினாலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக் குழுவில் அரசுப் பள்ளி மாணவிகள் இருக்க வேண்டும். ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். மூன்றாவது வரியில் தப்பு என்று சொன்ன பிள்ளை என்னிடம் இருக்கிறாள், நான் அனுப்பி வைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.