ரொம்ப நாளாகக் கவனிக்காத பைக்: நண்பருக்கு உதவ எங்கே தொடங்குவது?

[காட்சி: தூசி படிந்த பைக். பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு நோட்டு, ஒரு பேனா. ஸ்பேனர் பெட்டி மூடியே இருக்கிறது.]

வணக்கம். நண்பரின் பைக் ரொம்ப நாளாகச் சர்வீஸ் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறை நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். இந்த மாதிரி நாளில் முதலில் திறக்கப்படுவது பெரும்பாலும் ஆயில் டப்பாதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பழைய ஆயிலால் எஞ்சின் தேயும், உண்மைதான். ஆனால் அது மெதுவாக நடக்கிற சேதம். பிரேக்கோ டயரோ செயினோ கைவிட்டால் அடுத்த நிமிடமே ஆள் கீழே விழலாம். அதனால் பிரேக், டயர், செயின், அப்புறம்தான் எஞ்சின். இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: ஆயில் அளவை இப்போதே பாருங்கள். அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஆயில் ஊற்றும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்னொன்று, “ஏன் இப்படி விட்டுவைத்தாய்” என்று நண்பரைக் கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் சோம்பலால் தள்ளிப்போடுவதில்லை. என்னென்ன கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தால்தான் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குப் பதிலாக, “ஓட்டும்போது எது உறுத்துகிறது?” என்று கேளுங்கள். பிரேக் பிடித்தால் கிரீச் என்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, மேட்டில் இழுக்கவில்லை... இதெல்லாம் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் எதையும் கழற்ற வேண்டாம். முழு வண்டியையும் பார்த்து, எழுதி, அதற்குப் பிறகு பாகங்கள் வாங்கப் போனால் போதும். பாதி கழற்றிய வண்டியை வைத்துக்கொண்டு ஒரு வாஷருக்காக அலைவதை இது தவிர்க்கும். வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டிக்குக் கையேட்டில் இருப்பதுதான் இறுதி.

[காட்சி: முன் டிஸ்க். டார்ச் வெளிச்சம் காலிப்பருக்குள் போகிறது.]

பிரேக். டிஸ்க் பிரேக்கில் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பேட் எவ்வளவு மிச்சம்? பேடில் கோடு போன்ற பள்ளம் இருந்தால், அது மறையும்போது மாற்ற வேண்டும். பள்ளம் இல்லாவிட்டாலும் 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கப் பேடையும் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் எங்கோ இறுகிப்போயிருக்கிறது.

அடுத்தது பிரேக் ஆயில். அளவு குறைந்திருக்கிறதே என்று உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். அதாவது அளவு இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேடைத்தான். கசிவு இருக்கிறதா என்றும் குழாயோடு கைவைத்துப் பாருங்கள். இப்போது மேலே ஊற்றி நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் பொங்கி வழியும். பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட் உரியும்.

டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகும், லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. பொதுவாக 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். வண்டியின் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியில் எந்த டாட் எண் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான், இவற்றோடு கலக்கக் கூடாது.

பேட் மாற்றியபின் லிவரை முதல் பிடியில் பிடித்தால் தளதள என்று இருக்கும். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்து கிளம்புகிறவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது. பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றைப் போக்கும் வேலை இதற்கு முன் செய்ததில்லை என்றால், அந்த ஒரு வேலைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயர் சீக்கிரம் முடியும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் பக்கத்தின் புடைப்புகள்) நன்றாக இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயர் வேண்டாம். காற்று எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

[காட்சி: பின் சக்கரம் தரையைத் தொடாமல் சென்டர் ஸ்டாண்டில். சாவி வண்டியில் இல்லை. நண்பரின் சட்டைப் பையில்.]

இப்போது செயின். முதலில் சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள், அதாவது செயின் ஓடும் பல் சக்கரத்துக்குள், போய்விடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

தேய்மானம் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம், செயின் வளைந்து உட்காரும் நடு இடத்தில், ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நல்ல செயின் அசையாது. தேய்ந்த செயின் பல்லிலிருந்து எழும்பி வரும், அந்த இடைவெளியில் பல் தெரியும். பாதிப் பல் வரை தெரிந்தால் செயின் முடிந்தது. அப்படியே பல்லின் வடிவத்தையும் பாருங்கள்: ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டும் போய்விட்டது. செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். முன், பின் ஸ்ப்ராக்கெட், செயின், மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

செயின் நன்றாக இருந்தால் சுத்தம் செய்யலாம். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ் போதும். ஓ ரிங் வைத்த செயினாக இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், கண்ணிகளுக்கு இடையே இருக்கும் ரப்பர் வளையம் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும். காய்ந்த பிறகு கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் செயின் லூப் (மசகு) அடியுங்கள், சுற்றும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும்.

அடுத்து செயினின் டென்ஷன், அதாவது இறுக்கம். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடுக்காதீர்கள். கவனிக்காத செயின் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஓர் இடத்தில் தொங்கும், இன்னோர் இடத்தில் விறைக்கும். விறைப்பான இடத்தில்தான் அளக்க வேண்டும். தொங்குகிற இடத்தை வைத்து முடுக்கினால், ஆள் உட்கார்ந்து குழியில் இறங்கும்போது செயின் இழுத்துக்கொண்டு பேரிங்கைக் கெடுக்கும். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி நட்டை இறுக்குங்கள்.

பின்னால் டிரம் பிரேக்காக இருந்தால், சக்கரம் நகர்ந்ததில் பிரேக் மிதியின் விளையாட்டும் (பிரேக் பிடிக்கும் முன் மிதி வெறுமனே இறங்கும் அளவு) மாறியிருக்கும். அதையும், பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் சரிபார்க்காமல் ஸ்டாண்டிலிருந்து இறக்காதீர்கள்.

[காட்சி: ட்ரெயின் போல்ட்டின் கீழே தட்டு. ஆயில் ஒழுகுகிறது.]

இப்போது ஆயில். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை சுடாத சூட்டில் இறக்குங்கள். வருகிற ஆயிலைக் கொஞ்சம் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பு நிறம் இயல்பு. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கு வந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயிலை இறக்கக் கழற்றிய ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், கூடவே புது ஆயில் ஃபில்டர்.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயில் பட்டால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ அல்லது எம்.ஏ 2 (JASO MA, MA2) என்று இருக்கிறதா பாருங்கள், இந்த வகைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது.

ஏர் ஃபில்டர் காகிதமாக இருந்தால் மாற்றுங்கள், ஸ்பாஞ்சாக இருந்தால் கழுவி, காயவைத்து, ஆயில் தடவிப் போடலாம். ஸ்பார்க் பிளக்கின் நுனி வெளிர் பழுப்பாக இருப்பது நல்லது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

பேட்டரியை ஓர் இரவு சும்மா விட்டு மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறாவிட்டால், புது பேட்டரி வாங்கியும் பயனில்லை, சார்ஜிங்கில்தான் கோளாறு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் பக்கம் ஒரு வேலை, ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பது, பிறகு அடுத்தது. புதிதாக ஒரு சத்தம் வந்தால் எதனால் வந்தது என்று அப்போதுதான் தெரியும். ஸ்பேனரைப் பாதி நேரமாவது நண்பரின் கையில் கொடுங்கள், முக்கியமாகச் செயின் வேலையை. அதுதான் அடிக்கடி வரும்.

[காட்சி: நண்பர் ஹெல்மெட் மாட்டுகிறார்.]

முதல் ஓட்டம் மெதுவாக, காலி இடத்தில். முன் பிரேக்கைத் தனியாக, பின் பிரேக்கைத் தனியாகப் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் ட்ரெயின் போல்ட்டின் கீழே ஆயில் கசிகிறதா என்று பார்த்து, ஆக்ஸில் நட்டை இன்னொரு முறை சோதித்து, எஞ்சின் ஆறியதும் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் நோட்டில் இன்றைய தேதி, மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகங்கள், இன்னும் மாற்ற வேண்டியவை, இவ்வளவையும் நண்பரையே எழுதச் சொல்லி, அந்தத் தாளை சீட்டுக்கு அடியில் வையுங்கள்.