செம்புக் கம்பியும் காந்த ஊசியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரம்பப் பள்ளி அறிவியலில் காந்தம் ஒரு பாடம், மின்சாரம் இன்னொரு பாடம். காந்தத்தில் ஆணி ஒட்டும், மின்சாரத்தில் பல்பு எரியும், பரீட்சைக்கு அது போதும். ‘மின்காந்தத்தின் பயன்கள் இரண்டு எழுதுக’ என்று கேட்டால் பிள்ளைகள் ‘மின்சார மணி’ என்று கடகடவென எழுதிவிடுவார்கள். அந்த மணியைக் கழற்றி உள்ளே பார்த்த பிள்ளை எத்தனை பேர்? இந்த இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்தை வீட்டிலேயே காட்டலாம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பிள்ளையின் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்துவிடுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தமே போதும். வீட்டைச் சுற்றிவரட்டும். ஜன்னல் கம்பியில் ஒட்டும், அரிவாள்மனையில் ஒட்டும். பித்தளைக் குத்துவிளக்கில் ஒட்டாது, அலுமினியப் பாத்திரத்தில் ஒட்டாது. உலோகம் என்றாலே காந்தம் இழுக்கும் என்ற நினைப்பு அங்கேயே உடைந்துபோகும். எவர்சில்வர் தட்டுகளிடம் வரும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் வரும். ஒரு தட்டு ஒட்டும், பக்கத்துத் தட்டு ஒட்டாது. நிக்கல் சேர்த்த ரகம் பெரும்பாலும் ஒட்டாது. அது இல்லாத மலிவு ரகம் ஒட்டும். செம்புச் சொம்பையும் மறக்காமல் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒட்டாது. அந்தச் செம்புதான் அடுத்து ஒரு வேலை செய்யப்போகிறது.

1820-ஆம் ஆண்டு, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட் என்ற பேராசிரியர் வகுப்பில் ஒரு கம்பி வழியாக மின்சாரத்தைச் செலுத்தினார். அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி லேசாக அசைந்தது. அசைவு சிறியது என்பதால் கேட்க வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயர்ஸ்டெட் விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, அதே ஆண்டு ஜூலையில் லத்தீன் மொழியில் ஒரு சிறு அறிக்கையாக வெளியிட்டார். ஐரோப்பா முழுக்க விஞ்ஞானிகள் கம்பியும் ஊசியுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

நீங்களும் உட்காரலாம். ஒரு டார்ச் லைட் பேட்டரி, ஒரு முழம் செம்புக் கம்பி, ஒரு சின்ன திசைகாட்டி. இரும்பு மேஜையில் வைக்காதீர்கள், ஊசி குழம்பிவிடும். ஊசி வடக்கு தெற்காக நின்றதும், அதன் மேலாகக் கம்பியையும் வடக்கு தெற்காகவே பிடியுங்கள். குறுக்கே பிடித்தால் ஊசி அசையாமலே இருந்துவிடலாம். இந்த இடத்தில்தான் பலர் ‘சோதனை வரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். கம்பியின் இரு முனைகளையும் பேட்டரியின் இரு முனைகளில் தொட்டவுடன் ஊசி திரும்பும். எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். காந்தத்தில் ஒட்டாத அதே செம்புதான் மின்சாரம் ஓடும்போது காந்தம்போல நடந்துகொள்கிறது. நொடிப்பொழுது மட்டும் தொடுங்கள், கம்பி சீக்கிரம் சூடாகிவிடும். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் போகவே கூடாது. பேட்டரியில் இருப்பது 1.5 வோல்ட், சுவரில் இருப்பது 230 வோல்ட். அது உயிரை வாங்கும்.

அப்புறம் ஆணி. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம் கொடுப்பார்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். இரு முனைகளையும் உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்க்காவிட்டால் மின்சாரம் போகாது. நல்ல இரும்பு ஆணியில் நெருக்கமாக ஐம்பது சுற்று, எல்லாம் ஒரே திசையில். பேட்டரியில் தொட்டால் குண்டூசிகள் தாவி வந்து ஒட்டும், விட்டால் உதிரும். பரீட்சையில் கேட்கும் மின்காந்தம் இதுதான். ஒன்றிரண்டு உதிராமல் தொங்கினால் பயப்பட வேண்டாம். ஆணியில் கொஞ்சம் காந்தத்தன்மை மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். சுற்றுகளைப் பாதியாக்கினால் எத்தனை ஊசி ஒட்டுகிறது என்று பிள்ளையே எண்ணட்டும். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1825-இல் செய்து காட்டியதும் இதேதான். வளைத்த இரும்பில் 18 சுற்றுக் கம்பி. சுமார் 200 கிராம் இரும்பு, 4 கிலோவைத் தூக்கியது.

மின்சாரத்தால் காந்தம் வருகிறதென்றால், காந்தத்தால் மின்சாரம் வருமா? மைக்கேல் ஃபாரடே 1831-இல் அதையும் காட்டினார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும்தான் மின்சாரம் பிறக்கும். பழைய சைக்கிள் டைனமோவைத் திறந்தால் காந்தம், சுருள் இரண்டும் தெரியும். சக்கரம் நின்றால் விளக்கு அணைந்துவிடுவதற்குக் காரணமும் இதுதான். மேட்டூர் அணையில் தண்ணீர் சுழற்றுவதும் இதன் பெரிய உருவத்தைத்தான்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். திசைகாட்டிச் சோதனையில் பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பினால் ஊசி என்ன செய்யும்? சரி, கம்பியை ஊசிக்கு மேலே பிடிக்காமல் அடியில் வைத்தால்? பிள்ளைகள் விடையை முதலில் ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். அப்புறம் செய்து பார்க்கட்டும். பெரியவர்கள் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது.

நன்றி, வணக்கம்.