சாமி முன்னால் எதை உடுத்துவது?

(நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் கீழே ஒரு அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "டீச்சர், நோட்டீஸ்ல தலைப்பைப் பார்த்தேன். கோயிலுக்கு எப்படி வேணும்னாலும் வரலாம்னு சொல்லப் போறீங்களா? ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்டார். சண்டைக்கு இழுக்கிற கேள்வி இல்லை, கவலையோடுதான் கேட்டார். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நான் பேசப்போவதை அவருக்குச் சொல்லும் பதிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவள். கோயிலுக்கென்றே பீரோவில் மூன்று பருத்திப் புடவை தனியாக மடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு படி இறங்கினால் மனசு எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விடும். அதனால் உடைக்கும் பக்திக்கும் சம்பந்தமே இல்லை என்று என் வாயிலிருந்து வராது. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பந்தம் எனக்கும் என் சாமிக்கும் நடுவில் உள்ளது. வாசலில் நிற்கிற மூன்றாவது ஆள் அதில் எப்போது நுழைந்தார், எப்படி நுழைந்தார் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின நாள். வெளியூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை முழங்காலுக்குக் கீழே இறங்கின பாவாடையும் மேலே ஒரு டி-சர்ட்டும் போட்டிருந்தது. கையில் அர்ச்சனைக் கூடை, தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் மடித்து வைத்த ஹால் டிக்கெட். வாசலில் இருந்தவர், "ஷால் இல்லாம உள்ள விட முடியாது" என்றார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார். அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? கூடையிலிருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துப் பிரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் தன் உடம்பைப் பற்றிய நினைப்பே அதற்கு இருந்திருக்காது. பரீட்சை நினைப்புதான் இருந்திருக்கும்.

வெளியே பூ விற்கிற பாட்டி, பூவுக்கு மேலே போட்டிருந்த ஈரத்துண்டை உதறிக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். அதே நேரம் அரைக்கால் சட்டையோடு ஒருவர், மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவரை யாரும் அளக்கவில்லை. வெளியே வந்தபோது, "நல்லா வேண்டிக்கிட்டியாம்மா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "இல்ல ஆன்ட்டி. தீபாராதனை முடியிற வரைக்கும் துண்டு நழுவிரக் கூடாதேன்னு பிடிச்சுக்கிட்டே நின்னேன்" என்றது.

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட ஒழுங்கு அன்றைக்கு அங்கே இருந்தது. துண்டு நழுவவில்லை. ஆனால் வழிபாடு நடக்கவில்லை.

இதை நான் வேறு ஊரில் பேசினால் இங்கேயே நிறுத்திவிடுவேன். நம்ம மாவட்டத்தில் நிறுத்த முடியாது. துணி விஷயத்தில் நம்ம மண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். அன்றைக்கு நம்ம பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேலாடை என்பது அந்தஸ்தின் அடையாளம். தன்னைவிட உயர்ந்தவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதை. நாயர் நம்பூதிரிக்கு முன்னால் மேல்துணியை எடுக்க வேண்டும், நம்பூதிரி சாமிக்கு முன்னால் எடுக்க வேண்டும். கீழே தள்ளப்பட்ட சாதிப் பெண்களுக்கோ எல்லார் முன்னாலும் அதே நிலைமைதான், எந்நேரமும். இன்றைக்கு மூடு என்பதற்கு என்ன காரணம் சொல்கிறோமோ, அன்றைக்குத் திற என்பதற்கும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள்: மரியாதை, வழக்கம், முன்னோர் ஏற்படுத்தியது.

கிறிஸ்தவத்துக்கு மாறின நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற தளர்ந்த மேல்சட்டையைப் போட ஆரம்பித்தார்கள். திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் குப்பாயத்துக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரித் தோளில் சீலை போடக் கூடாது. 1829இல் அரசு அதைத் திட்டவட்டமாகத் தடுத்தது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். 1858இல் மறுபடியும் கலவரம் வெடித்தது. சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கின பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு வெளியிட்டார். அந்த அறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற விதத்தில் மட்டும் கூடாது. கொடுத்த கையே அளவும் வைத்துக் கொடுத்தது.

அந்தப் பெண்களின் வழியில் வந்தவர்கள்தான் இந்த அரங்கில் பாதிப் பேர். அதனால்தான் வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி "இப்படிப் போடாதே" என்று யாராவது சொல்லும்போது எனக்கு உடம்பு நடுங்குகிறது. சொல்கிற வார்த்தை மாறியிருக்கலாம். அளக்கிற கண்ணை நான் பழைய கண்ணாகவே பார்க்கிறேன்.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். 2015 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரு கிராமக் கோயில் திருவிழாவில் கலை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டுப் போட்ட வழக்கு அது. தீர்ப்பு வந்தபோது தமிழ்நாட்டுக் கோயில்களுக்கெல்லாம் உடை விதி வந்துவிட்டது. ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, சட்டை, பேன்ட். பெண்களுக்குப் புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. பெரிய கோயில்களில் போர்டு தொங்கியது, புத்தாண்டு தரிசனத்துக்கு ஜீன்ஸில் வந்த பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். அந்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை வந்துவிட்டது. ஆனால் போர்டைக் கழற்றினாலும் போர்டு கொடுத்த தைரியம் சில பேர் மனசிலிருந்து கழலவில்லை.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி கோயிலுக்கு நம்மில் பல பேர் போயிருப்போம். சுடிதாரோடு போனால் அதற்கு மேலே ஒரு முண்டை, அதாவது வேட்டியை, சுற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி, சுடிதாரோடு வரலாம் என்று உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், வழக்கத்தை மாற்றுகிற அதிகாரம் அவருக்கு இல்லை, தலைமைப் பூசாரியான தந்திரியின் முடிவுதான் செல்லும் என்று சொல்லிவிட்டது. முண்டு திரும்பி வந்தது. குருவாயூரிலோ 2007லேயே சுடிதாரை அனுமதித்துவிட்டார்கள். ஒரே மாநிலம், ஒரே மாதிரி ஆசாரம். அங்கே சுடிதாரோடு வருகிறவர்களுக்கும் குருவாயூரப்பன் தரிசனம் தந்துகொண்டுதான் இருக்கிறார்.

எந்த மதத்தையும் நான் தனியாகப் பிரித்துச் சொல்ல வரவில்லை. சபைக்குப் போகிற அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம், 11ஆம் அதிகாரம், ஜெபிக்கிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. முக்காட்டுக்கு ஆதாரமாக அதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அதே இடத்தில் பவுல், இதை நீங்களே உங்களுக்குள் யோசித்துப் பாருங்கள் என்றும் சொல்கிறார். அந்த வரியை யாரும் பிரசங்கத்தில் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1917 சட்டத் தொகுப்பில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பாட்டி இன்றைக்கும் கோயில் மணி கேட்டால் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிடுவார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுபது வருஷமாக அந்தக் கை அதே மாதிரி அசைகிறது.

இஸ்லாமியச் சகோதரிகளுக்குத் தொழுகையின்போது முகமும் கையும் தவிர மற்றதை மூடுவது தொழுகையின் ஒரு பகுதி, அதில் வெளியாளான எனக்குப் பேச்சில்லை. அவர்கள் என்னிடம் சொல்கிற குறை வேறு: பல ஊர்களில் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமே ஒதுக்குவதில்லை. பெண்கள் பள்ளிவாசலில் தொழலாம் என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. நல்ல உடையோடு போனாலும் நிற்க இடம் வேண்டுமே!

ஒரே மாதிரி உடுத்துவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுப் போகிற பெண்களைப் பாருங்கள். எல்லார் உடம்பிலும் ஒரே சிவப்பு. கலெக்டர் வீட்டு அம்மா யார், களை பறிக்கிற அம்மா யார் என்று தெரியாது. அங்கே மாதவிலக்கு நாளிலும் வழிபடத் தடை இல்லை. அந்தச் சிவப்புப் புடவை ஒரு பெண்ணை உள்ளே அழைத்துக்கொண்டு போகிறது, அதனால் அதைக் கும்பிட்டு வாங்கிக் கட்டுகிறார்கள்.

போர்டில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் இறங்கினால் என் சித்தி என்னை மன்னிக்க மாட்டாள். சித்தப்பா தவறினபோது அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. கோயிலுக்கு வெளிர் நிறப் புடவையில் வரலாம், பட்டு கூடாது, பூ கூடாது. யாரும் அவளிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. திருவிளக்கு பூஜையில் குங்குமத் தட்டு ஒவ்வொருத்தியாக வரும், சித்தியின் பக்கத்துப் பெண் வரைக்கும் வரும், அப்புறம் சித்தியைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போகும். தட்டு தாண்டும்போது அவள் தலையைக் குனிந்து திரியைத் தூண்டுகிற மாதிரி இருப்பாள். நான் சின்னப் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

ஐம்பது வயசுக்கு மேலே ஒரு ஆடி வெள்ளிக்கு அவள் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் நாலு பேர், "என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டது நாலு பேரும் பெண்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வாசலில் நிற்கிற ஆளை மாற்றக் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த நாலு பேரை மாற்ற எங்கே போவது? நாம்தான் அந்த நாலு பேர். சித்தி அந்தப் புடவையை மறுபடி கட்டவில்லை. அவள் போன பிறகு பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன். ஒழுங்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒரு கோயிலுக்கு ஒரு வழக்கம் இருந்தால் செருப்பு விடுகிற இடத்துக்கு முன்னாலேயே எழுதி வையுங்கள், வண்டியை விட்டு இறங்கும்போதே தெரியட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து எழுதுங்கள், இரண்டு பேரையும் ஒரே மாதிரி கேளுங்கள். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு நனைந்த புடவையோடு பெண்கள் நடக்கிறார்களே, அங்கே அவர்களுக்கு வேண்டியது பூட்டுப் போடுகிற உடை மாற்றும் அறை, போன் கேமராவைத் தூக்குகிறவனைப் பிடிக்கிற ஒரு காவலாள். பெண்ணின் மானத்தைப் பற்றிக் கவலை இருக்கிறவர்கள் செலவு செய்ய வேண்டிய இடம் அது.

இன்னொன்று, தெரியாமல் வந்துவிட்ட பிள்ளையை வாசலில் வைத்துத் திருத்தாதீர்கள். இதற்காகப் போன மாதம் நான் ஒரு வேலை செய்தேன். ஆறு ஷால் வாங்கித் துவைத்து இஸ்திரி போட்டு, நான் வழக்கமாகப் போகிற கோயில் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வாசலுக்கு உள்பக்கம் ஒரு கொடி கட்டி இதைத் தொங்கவிடுங்கள், வேண்டியவர்கள் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போகும்போது திரும்பப் போடட்டும், யாரும் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டாம், துவைக்கிற பொறுப்பு என்னுடையது என்றேன். ஆபீசில் இருந்தவர் ஷாலைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணிதான் டீச்சர், ஆனா மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். இன்னும் சொல்லவில்லை. ஷால் ஆறும் இப்போது என் பையில்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் போகிறேன், ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்துவிடும். அண்ணாச்சி, உங்களுக்கு நேரம் இருந்தால் நீங்களும் வாருங்கள்.