ஊரைச் சேர்த்து வைப்பது விழாவா, அன்றாடப் பழக்கமா? ‘அன்றாடப் பழக்கமே’ அணியின் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொறுமையோடு அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

புறநகர் ஊர் ஒன்றை ஊராகச் சேர்த்து வைப்பது ஆண்டுக்கொருமுறை வரும் விழாவா, அன்றாடப் பழக்கமா என்பது இன்று நம்முன் இருக்கும் வழக்கு. விழாவின் பக்கம் நின்ற எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். புறநகரில் இருப்பவர்கள் விடிந்தால் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அவர்களுக்கு விழாவை விட்டால் வழியில்லை என்றார். அன்றாடம் பழகினால் வம்பும் சண்டையும்தான் வளரும், ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்றார். கடைசியாக, பாரிசில் 1999இல் தொடங்கி இன்று பல நாடுகளில் கொண்டாடப்படும் அண்டை வீட்டார் விழாவைத் தம் அணியின் பெரிய சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாரிசுக்குக் கடைசியில் வருகிறேன், அந்தச் சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

அன்றாடப் பழக்கம் என்று நாங்கள் சொல்வது பெரிய நட்பை அன்று. குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துவரும் காலையில் எதிர்வீட்டுக்காரரும் தம் தொட்டியோடு வந்து நிற்பதும், இருவரும் தலையசைத்துக்கொள்வதும், பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் காத்திருக்கும் பெற்றோர் ‘நாளைக்கு விடுமுறையாமே’ என்று கேட்டுக்கொள்வதும், நடைப்பயிற்சிக்குப் போகிறவர் பேருந்துக்கு நிற்பவரிடம் ‘முனைத் தெருவிளக்கு இரண்டு நாளாக எரியவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவதும்தான் அந்தப் பழக்கம். இவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர் பெயர்கூடத் தெரியாது. நாயின் பெயர் தெரியும், நாயைக் கூட்டிவருகிறவர் பெயர் தெரியாது. ‘இதற்குப் பெயர் உறவா’ என்று எதிரணிச் சகோதரி கேட்டபோது அவை சிரித்தது, நானும் சிரித்தேன். உறவு இல்லைதான் அம்மா. ஆனால் உறவுகூடச் செய்யாத சில வேலைகளை அது செய்கிறது, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. அங்கே குடிவந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த அண்டை வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். எந்த வீடு காலியானதோ அந்த வீட்டுக்கு வந்தவர்கள். உங்கள் நெருங்கிய நண்பர்கள் யார் என்று கேட்டபோது, ஒரே தளத்தில் அடுத்த கதவில் இருந்தவர்களில் 41 விழுக்காட்டினர் நண்பர்களாகக் குறிக்கப்பட்டார்கள். இரண்டு கதவு தள்ளிப் போனால் அது 22, மூன்று கதவு தள்ளினால் 16, தளத்தின் மறுகோடியில் 10. நான்கு கதவுகளுக்குள் இவ்வளவு சரிவு! இன்னொன்றும் கண்டார்கள். மாடிப்படிக்கும் அஞ்சல் பெட்டிகளுக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்தாரோடும் பழக்கம் அதிகமாக இருந்தது, ஏனென்றால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அவர்களை நட்பாக்கியது மேடையும் அல்ல, ஒலிபெருக்கியும் அல்ல, ஒரு மாடிப்படி.

‘புறநகரில் யாருக்கு நேரம்’ என்ற முதல் வாதத்துக்கு இனி வருகிறேன். நேரம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் குறை நேரத்தில் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு டொனால்டு ஆப்பிள்யார்டு ஆராய்ந்தார். நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் குடியிருந்தவருக்கு அந்தத் தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை, 0.9 என்று வந்தது. முகமறிந்தவர்களின் எண்ணிக்கையும் ஆறிலிருந்து மூன்றாக இறங்கியது. அந்த மனிதர்களைப் பிரித்தது குறுக்கே ஓடிய வண்டிகள். அப்படியானால் தெருவைக் கடக்க முடியாதபடி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருநாள் அதே தெருவை அடைத்துப் பந்தல் போட்டு ‘ஊர் ஒன்றாகிவிட்டது’ என்று சொல்வது மருந்தா, நோயை ஒருநாள் மறந்திருப்பதா என்பதை நடுவர் அவர்கள்தாம் சொல்லவேண்டும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். முகமறிந்தவர் ஒருவர் சாதாரண நண்பர் ஆவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமாவது சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் எழுதினார். எதிரணியின் விழாவில் ஒருவரோடு ஒருவர் ஐந்து மணி நேரம் தொடர்ந்து பேசுகிறார்கள் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அந்த 50 மணி நேரம் நிறையப் பத்து ஆண்டுகள் ஆகும், அதற்குள் இருவரில் ஒருவர் வீடு மாற்றிப் போயிருப்பார். நாளுக்கு ஐந்தே நிமிடம் மதிற்சுவருக்கு இருபுறமும் நின்று பேசுகிறவர்களுக்கு 600 நாள் போதும். முரட்டுக் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நேரம் இல்லாதவர்களுக்கு எது கட்டுப்படியாகும் என்பது இதில் தெரிகிறது.

விழாவில் ஐந்து மணி நேரமும் புதியவரோடு பேசுவார்களா என்பதும் ஐயம்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால் இங்ராமும் மைக்கேல் மோரிசும் நூறு பேர் அளவுக்கு நிர்வாகிகளை ஒரு மாலைக் கூடலுக்கு அழைத்து, யார் யாருடன் நிற்கிறார் என்று பதியும் மின்னணு வில்லைகளை அவர்கள் சட்டையில் மாட்டிவிட்டார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவர்கள், ஏற்கெனவே தெரிந்தவர்களையே நாடிப் போய் நின்றார்கள். 2007இல் வந்த இந்த முடிவைப் படிக்கும்வரை நான் மட்டும்தான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். விழாவுக்குப் போனதும் நாம் எல்லோருமே முதலில் தேடுவது தெரிந்த முகத்தை அல்லவா? அந்த முகம் தெரிந்த முகம் ஆனது எந்த விழாவில்?

மெல்லிய பழக்கத்தால் என்ன பயன் என்ற கேள்விக்குப் புறநகர் ஊர் ஒன்றே பதில் சொல்லியிருக்கிறது. பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை மார்க் கிரானோவெட்டர் விசாரித்தார். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, செய்தி சொன்னவரை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் 17 விழுக்காடுகூட இல்லை. எப்போதாவது சந்திப்போம் என்றவர்களே பாதிக்கு மேல். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், எட்ட இருப்பவர்தான் தெரியாத செய்தியைக் கொண்டுவருகிறார். ‘எப்போதாவது என்றால் விழாவில்தானே’ என்று எதிரணி எழக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல், வாரத்துக்கு இரண்டு முறைக்குக் கீழ் என்பதே அவர் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த அளவு. ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதை அவர் ‘அரிதாக’ என்ற கணக்கில்தான் எழுதினார்.

இனி, புளித்த பால். பழகினால் சண்டை வரும் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. சுவரைத் தாண்டி வந்த மரக்கிளை, வாசலை மறித்து நிறுத்திய வண்டி, இரவு பத்து மணிக்கு மேல் அடங்காத பாட்டு என்று புறநகர்ச் சண்டைகளுக்குப் பட்டியல் வேண்டியதில்லை. ஆனால் கிளை நீட்டியவரைத் தெரிந்திருந்தால் ‘கொஞ்சம் வெட்டிவிடுங்களேன்’ என்று வாயால் சொல்கிறோம். தெரியாவிட்டால் அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறோம், அவர் பதிலுக்கு நம்மீது ஒன்று எழுதுகிறார். விழா எங்கேயும் கிளை வெட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாறாக விழாவுக்குப் பணம் பிரித்ததில், மேடையில் யார் பெயர் முதலில் வந்தது என்பதில் தொடங்கிய மனத்தாங்கல்களை இந்த அவையில் இருப்பவர்களே சொல்வார்கள். பழமொழியை எதிரணி பாதியில் விட்டுவிட்டது என்பதுதான் என் குறை. பால் புளிப்பது உறை விழுந்ததால் என்றால் அது கெட்டுப்போனதாக யாரும் கொட்டுவதில்லை, தயிர் என்று பெயர் மாற்றி எடுத்துவைக்கிறார்கள். அந்த உறைதான் அன்றாடம்.

விழா வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. புதிதாகக் குடிவந்து யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்கி நிற்பவருக்கு விழா ஒரு கதவைத் திறந்துவிடுகிறது, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலை அவர் வாசலில் நிற்கும்போது யாராவது அவரைப் பார்த்துத் தலையசைத்தால்தான் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

உயிருக்கு ஆபத்து வரும் நாளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1995 ஜனவரி 17 அன்று அதிகாலை 5 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் கோபே வட்டாரத்தில் நிலம் நடுங்கி, 6,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு அருகே அவாஜி தீவில் ஹொகுதான் என்றொரு சிற்றூர். அங்கே ஏறத்தாழ 300 பேர் இடிபாடுகளுக்குள் சிக்கினார்கள். வெளியிலிருந்து படை வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அக்கம்பக்கத்தாரும் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் தாங்களே தோண்டி எடுத்தார்கள், அன்று மாலைக்குள் காணாமற்போனவர் என்று அந்த ஊரில் ஒருவரும் இல்லை. எந்த வீட்டில் எந்த அறையில் யார் படுத்திருப்பார் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்ததால், எங்கே தோண்டுவது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. அவாஜியிலும் விழாக்கள் உண்டே என்று எதிரணி சொல்லலாம். உண்டு. ஆனால் பாட்டி எந்த அறையில் படுக்கிறார் என்பதை எந்த விழாவும் அறிவிப்பதில்லை. எந்த ஜன்னலில் விளக்கு கடைசியாக அணைகிறது, எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் யாரும் முயலாமலேயே கண்ணில் பட்டுக் கண்ணில் பட்டுச் சேர்ந்த அறிவு அது. நகரத்திலிருந்து வந்தவர்கள் சிலர் இதை ‘எட்டிப்பார்ப்பது’ என்பார்கள். எனக்கும் அது சில நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலோடு வாழ நான் பழகிக்கொள்கிறேன்.

இப்போது பாரிஸ். எதிரணித் தலைவர் தம் சாட்சியை அழகாக அறிமுகம் செய்தார். முற்றத்தில் மேசை போட்டு, தட்டுகளைப் பகிர்ந்து, ஒரே கட்டடத்தார் ஒன்றாக அமர்ந்த காட்சியை நம் கண்முன் கொண்டுவந்தார். அந்த விழாவை ஏன் தொடங்கினார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைத் தொடங்கிய அட்டனாஸ் பெரிஃபான், பாரிசின் பதினேழாம் வட்டாரத்தில் மக்கள் பிரதிநிதியாக இருந்தவர். அங்கே தனியாக வாழ்ந்த முதிய பெண்மணி ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே இறந்து, பல மாதங்கள் ஆகியும் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டபோது மனம் வருந்தி அவர் எடுத்த முயற்சி அது. ஆண்டுக்கொருமுறை கூடவில்லையே என்பதா அவருடைய வருத்தம்? ‘இரண்டு நாளாக அந்த அம்மாவைக் காணோமே’ என்று கேட்க அந்த மாடிப்படியில் ஒருவர்கூட இல்லையே என்பதுதான். நடுவர் அவர்களே, எதிரணி அழைத்துவந்த அந்தச் சாட்சியை எங்கள் அணியின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன்.