சித்திரையில் பனிமலை ஏறுவோருக்கு

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது இந்த ஆள் பனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடம் அடைத்ததும் வடக்கே கிளம்புகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் நான்காம் நாள் பத்தான்கோட். அங்கிருந்து பஸ்ஸில் இமாச்சலப் பிரதேசத்து மலையூரான தர்மசாலா, அதற்கு மேல் நடை. ஏப்ரல், மே என்றால் அங்கேயும் கோடைதானே, பனியெல்லாம் கரைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். ஊருக்குள் கரைந்திருக்கும். பத்தாயிரம் அடிக்கு மேல் ஏப்ரலில் குளிர்காலத்துப் பனி குவிந்தே கிடக்கும். நிழலான பள்ளங்களில் மே மாதத்திலும் கிடக்கும். நம் மார்கழிப் பனி அல்ல, கால் புதைகிற பனி. அதில் நடக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விடியுமுன் கிளம்புங்கள், உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிடுங்கள்.

சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரைத்த ஐஸ் கொட்டும்போது சர்க்கரைபோல உதிரும். சற்று உருகி மறுபடி குளிர்ந்தால் ஒரே பாளம். உடைக்கக் கம்பி வேண்டும். மலையிலும் அதே கதைதான். பகல் வெயிலில் இளகிய பனி இரவில் இறுகிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு அதன்மேல் நடந்தால் சுவடுகூடச் சரியாகப் பதியாது. வழுக்கும்தான்; ஷூவுக்கு அடியில் முள்சங்கிலி மாட்டிக்கொண்டால் போதும். வெயில் ஏற ஏறச் சோறு குழைவதுபோல் குழைந்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அத்தானுக்கு மீன் வியாபாரம். ஓர் ஏப்ரலில் நாங்கள் இருவரும், தர்மசாலாவுக்கு மேலே ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் திரியுண்ட் என்ற மலைமேட்டைத் தாண்டி, பனி தொடங்கும் இடத்துக்கும் மேலே போனோம். ஏறும்போது காலை ஏழு மணி. பனி பளிங்குத் தரையாக இருந்தது. மேலே உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்து, அக்காள் கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்தைத் தின்று, எதிரே தௌலாதர் மலையைப் பார்த்து ஊர்க்கதை பேசியதில் மணி ஒன்றரை ஆகிவிட்டது. இறங்கத் தொடங்கி இருபது அடிகூட வைக்கவில்லை. ஒரு பாறை ஓரமாக மிதித்தேன். வலது கால் தொடைவரை உள்ளே போய் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இழுத்தால் கால் வருகிறது, ஷூ வரவில்லை. அத்தான் ஒன்றும் பேசவில்லை. முந்திரிக்கொத்து டப்பாவின் மூடியைக் கழற்றினார். ஐஸ் பெட்டியிலிருந்து நெய்மீனை வால் முறியாமல் எடுப்பாரே, அதே பக்குவத்தில் காலைச் சுற்றிச் சுரண்டினார். ஷூ வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “மாப்பிள்ளை, கல்லைத் தொட்டுப் பாரும், சுடுகிறது. அதைச் சுற்றிப் பனி உள்ளுக்குள்ளேயே உருகிப் பொந்தாகக் கிடக்கும். மேலே பார்த்தால் தெரியாது.”

முப்பது வருடம் கல்லூரியில் வெப்பவியல் நடத்தியவன் நான். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! ஏறும்போது ஐம்பது நிமிடம் பிடித்த வழியை இறங்க மூன்று மணி நேரம் ஆனது.

ஆகவே பாறை ஓரத்தையும் மரத்தடியையும் விட்டு விலகியே நடங்கள். ஓடையை மூடிக்கிடக்கும் பனி காலையில் ஆளைத் தாங்கும்; அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். வெயிலில் நனைந்த பெருஞ்சரிவு மொத்தமாகச் சரிந்து வருவதும் உண்டு. கிழக்குப் பார்த்த சரிவில் முதலில் வெயில் படும், அதுதான் முதலில் இளகும். திரும்பவும் சொல்கிறேன், உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிடுங்கள்.

ஆனால் சீக்கிரம் எழுந்தால் மட்டும் போதாது. முந்தின இரவே வானத்தைப் பார்க்கவேண்டும். மேகம் மூடிய இரவில் நம் ஊரில் எப்படிப் புழுங்குகிறது! தரையின் சூட்டை மேகம் வெளியே போக விடுவதில்லை. அங்கேயும் அப்படித்தான். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் பனி நன்றாக இறுகும். மேகமூட்டம் என்றால் அதிகாலையிலும் குழைந்தே கிடக்கும். அன்றைக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள், குற்றமில்லை.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார். எழுதிக்கொண்டு வந்ததில் பாதி அப்படியே இருக்கிறது. முந்திரிக்கொத்து நேரத்தைத் தின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். நம் கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத்தான் திருப்பி அடிக்கிறது, புதுப்பனி 80 சதவீதம் வரை. வெறுங்கண்ணோடு போனால் சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். அடுத்து, 2,500 மீட்டருக்கு மேலே தலைவலியும் குமட்டலும் வந்தால் ஏறாமல் தங்குங்கள். குறையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், வீம்பு வேண்டாம். சாக்ஸ் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இதோ, ஒரு விரல் ஆகிவிட்டது. கம்பளி சாக்ஸ், இரண்டு ஜோடி. பருத்தி நனைந்தால் காயாது. வணக்கம்.