உடற்பயிற்சி ஆராய்ச்சியில பெண்கள் எங்கே? தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல 1923-லயே நடந்த ஒரு விஷயம்!

எவ்வளவு வேகமா நடக்கணும், எவ்வளவு எடை தூக்கணும்னு ஜிம்ல சொல்றாங்களே, அந்த அளவையெல்லாம் யாரோட உடம்புல சோதிச்சாங்க? பெரும்பாலும் ஆண்களோட உடம்புல. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்ல இருக்கிற அக்காமாரே, மாமிமாரே, இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

கணக்கை வேகமா சொல்லிடறேன். 2014-லிருந்து 2020 வரை ஆறு விளையாட்டு அறிவியல் இதழ்கள்ல வந்த 5,261 கட்டுரைகளை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2021-ல வந்துச்சு. கலந்துக்கிட்டவங்க சுமார் 1.25 கோடி பேர். அதுல பெண்கள் 34 சதவீதம். ஆண்களை மட்டும் வெச்சு செஞ்ச ஆய்வுகள் 31 சதவீதம், பெண்களை மட்டும் வெச்சு செஞ்சது வெறும் 6.

ஏன்னு கேட்டா, "பெண்கள் முன்வர மாட்டேங்கறாங்க"ன்னு ஒரு பதில் வரும். அதை ஒத்துக்கறதுக்கு முன்னாடி நம்ம ஊர் காம்ரேட்ஸ் மாரத்தானைப் பாருங்க.

[திரையில்: பீட்டர்மரிட்ஸ்பர்க் – டர்பன் பாதை வரைபடம்]

1921-ல ஆரம்பிச்ச ஓட்டம் இது. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், மேடும் பள்ளமும். 1923-ல ஃபிரான்சஸ் ஹேவர்ட்னு ஒரு அம்மா பேர் கொடுக்கப் போனாங்க. பொம்பளைக்கு இடமில்லைன்னுட்டாங்க. அவங்க வீட்டுக்குத் திரும்பலை, ஓடினாங்க! அன்னைக்குப் பெரும்பாலும் மண் ரோடு. 11 மணி 35 நிமிஷத்துல டர்பன் வந்து சேர்ந்தாங்க. பதக்கம் கிடையாது. கூட ஓடினவங்களும் வேடிக்கை பார்த்தவங்களும் காசு சேர்த்து அவங்களுக்கு வெள்ளி டீ செட் வாங்கிக் கொடுத்தாங்க. இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சனங்க மதிச்சாங்க, பதிவேடு மதிக்கலை.

பெண்களை அதிகாரப்பூர்வமா சேர்த்தது 1975-ல. அதுவரைக்குமான முடிவுப் பட்டியலை மட்டும் ஒருத்தர் எடுத்துப் பார்த்தா, "பெண்களுக்கு நெடுந்தூரம் ஓட விருப்பமே இல்லை"ன்னுதானே எழுதுவார்? சரியா நூறு வருஷம் கழிச்சு, 2023-ல, பீட்டர்மரிட்ஸ்பர்க்லிருந்து டர்பனுக்கு இறங்கற அதே பாதையில கெர்டா ஸ்டெயின் 5 மணி 44 நிமிஷம் 54 நொடியில ஓடி முடிச்சாங்க. ஹேவர்ட் எடுத்த நேரத்துல பாதிக்கும் கம்மி! கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க.

அதுக்காக விருப்பத்துல வித்தியாசமே இல்லைன்னு சொல்லலை. அதே 2023-ல ஜேம்ஸ் நுஸோ, ராபர்ட் டீனர்னு ரெண்டு பேர் ஆண், பெண் ரெண்டு பக்கமும் கேட்டுப் பார்த்து, உடற்பயிற்சி ஆய்வுகள்ல கலந்துக்கற ஆர்வத்துலயும் சம்மதத்துலயும் வித்தியாசம் இருக்குன்னு வெளியிட்டாங்க. அதை மறைக்கக் கூடாது. ஆனா இந்தச் சோதனைகள்ல என்னென்ன நடக்கும் தெரியுமா? தொடையில ஊசி விட்டுத் தசைத் துணுக்கு எடுப்பாங்க. இதயத் துடிப்பு பார்க்க நெஞ்சுல மின்முனை ஒட்டுவாங்க. சில ஆய்வுகள்ல ஆசனவாய் வழியா உடம்புச் சூடு பார்ப்பாங்க. அறையில இருக்கறது முழுக்க ஆம்பளைங்கன்னா, உங்க வீட்டுப் பொண்ணு சரின்னு சொல்லுமா? என்னைக் கேட்டா, ஒரு பெண் உதவியாளர் இருந்தாலே பாதித் தயக்கம் போயிடும்.

இன்னொண்ணு, மாதவிடாய்ச் சுழற்சி. அதோட கட்டம் பார்த்து நாள் குறிக்கணும், ஹார்மோனுக்கு ரத்தம் எடுக்கணும், செலவு கூடும். அதனாலேயே பெண்களை விட்டுட்டுச் செஞ்ச ஆய்வுகள் உண்டு. அங்கே பெண்களோட விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை.

நம்ம டர்பன் இந்தியக் குடும்பங்கள்ல சர்க்கரை நோய் எவ்வளவு அதிகம்னு உங்களுக்கே தெரியும். டாக்டர் முதல்ல சொல்றதே "நடங்கம்மா"ன்னுதான். எவ்வளவு, எவ்வளவு வேகம்னு அந்த அம்மாவோட உடம்புக்கு ஏத்த மாதிரி தெரிஞ்சாகணும்.

இப்போ நீங்க சொல்லுங்க. பல்கலைக்கழகத்துல ஒரு மணி நேர டிரெட்மில் சோதனைக்குக் கூப்பிட்டா போவீங்களா? மாட்டீங்கன்னா, எது தடுக்குது: ஊசியா, உடுப்பா, நேரமா, பிள்ளைங்களை யார் பார்க்கறதுங்கறதா? காரணத்தைக் கமென்ட்ல எழுதுங்க. அண்ணன்மாரே, நீங்க எழுதறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற அக்காகிட்டயோ அம்மாகிட்டயோ போனைக் கொடுங்க.