எண்கள் ஒலியாகும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். சிடி தரத்தில் பதிவான பாட்டில், இடம் வலம் ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணும் 16 பிட். அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. இந்த எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் டிஏசி, அதாவது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர். விலை உயர்ந்த கையடக்க பிளேயர்களில் இது இரண்டு வழிகளில் நடக்கிறது.

ஒன்று, ஆர்-2ஆர் ஏணி. ஒரு மடங்கு, இரு மடங்கு என இரண்டே அளவு மின்தடைகளைக் கோத்து, பிட்டுக்கு ஒரு சுவிட்ச் வைப்பார்கள். கணக்கு எளிது, செய்து முடிப்பதுதான் கடினம். மதிப்பு மிகுந்த மேல் பிட்டின் பங்கு மட்டுமே 32,768 படி. அந்தப் பங்கு 0.1 சதவீதம் பிசகினாலே 33 படி தவறிவிடும். அலை சுழியத்தைக் கடக்கும்போது கீழ் 15 பிட்டுகளும் அணைந்து மேல் பிட் ஏறும். எல்லாச் சுவிட்சுகளும் ஒருசேர மாறும். மெல்லிய ஒலி முழுக்கச் சுழியத்தை ஒட்டியே ஓடுவதால், தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும் நேரத்தில்தான் இந்தப் பிழை கரகரப்பாக வெளிப்படும். அதைத் தவிர்க்கவே சிலர் அலையின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனி ஏணி வைக்கிறார்கள். செலவு கூடும், ஆனால் அந்தச் செலவு வீணல்ல.

மற்றொன்று டெல்டா-சிக்மா. இஎஸ்எஸ், ஏகேஎம் நிறுவனங்களின் சிப்கள் பெரும்பாலும் இந்த வகை. எண்களை ஒலியாக மாற்றும்போது, 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 44,100-ல் அதைக் கழித்த 24,100 ஹெர்ட்ஸில் ஒரு போலி பிம்பம் உண்டாகும். அவ்வளவு குறுகிய இடைவெளியில் அனலாக் ஃபில்டரால் அதைச் சுத்தமாக வெட்டுவது மிகக் கடினம். அதனால் முதலில் டிஜிட்டல் ஃபில்டர் மூலம் எண்களின் எண்ணிக்கையை எட்டு மடங்காக, விநாடிக்கு 352,800 ஆகப் பெருக்குவார்கள். பிறகு சில பிட்டுகளை மட்டும் மிக வேகமாக அனுப்பி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

எண்களைச் சரியான வேகத்தில் அனுப்பக் கடிகாரத் துடிப்பு தேவை. அதற்காக நல்ல பிளேயரில் 45.1584, 49.152 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு கிரிஸ்டல்கள் இருக்கும். முதலாவது 44,100-ம் அதன் மடங்குகளும் சேர்ந்த குடும்பத்துக்கு, அடுத்தது 48,000 குடும்பத்துக்கு.

சிப்பின் பெயரைவிட நான் முதலில் பார்க்கச் சொல்வது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது பிளேயரின் வெளியீட்டுப் பக்கம் உள்ள மின்தடை. பல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள இயர்போனில் மின்தடை ஓர் அதிர்வெண்ணில் 8 ஓமாகவும் வேறோர் அதிர்வெண்ணில் 40 ஓமாகவும் இருக்கலாம். பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் அவ்விரு அதிர்வெண்களுக்கும் நடுவே 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு வரும். குரலின் நிறமே மாறிவிடும். அரை ஓம் என்றால் வித்தியாசம் 0.4 டெசிபல்தான்.